தூக்கிக் கொடுக்கிற கை

லாண்டரிக்காரர் தன் நீராவி பிரஸ்ஸைப் பூப்போட்ட படுக்கை விரிப்பால் மூடிவிட்டு, பழைய இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்த வாரத்தில்தான் மழையும் பிடித்துக்கொண்டது. துவைத்தது காயவில்லை. காய்ந்ததைத் தேய்த்து முடிக்க ஒற்றைப் பெட்டி போதவில்லை. மூட்டைகள் ஏறிக்கொண்டே போய், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி, எங்கள் அண்ணியின் தலை மட்டும்தான் தெருவிலிருந்து தெரிந்தது. யாராவது வந்து சட்டையைக் கேட்டால், "நாளைக்கு" என்று அந்தத் தலை சொல்லும். மறுநாளும் அதையே சொல்லும்.

நான் பக்கத்துக் கடை. தையல். இரண்டு கடைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே தும்மினால் இங்கே என் ஊசி நூலை விட்டுவிடும். அதனால் ஒட்டுக்கேட்கிற பாவத்தை நான் செய்ய வேண்டியதே இல்லை, எல்லாம் உட்கார்ந்த இடத்துக்கே வந்து சேரும்.

அந்த பிரஸ்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதலை வாயைத் திறந்து வைத்தது போல இருக்கும். கீழ்த்தாடையில் துணியைப் பரப்பி, தரையில் இருக்கிற மிதியை மிதித்தால் மேல்தாடை இறங்கி, இரண்டு தாடையும் உஸ்ஸென்று ஆவி கக்கும். இரண்டு பேர் வேலை. பரப்புகிறவர் கையை எடுத்துவிட்டு "ம்" என்று குரல் கொடுக்க வேண்டும், அதற்கப்புறம்தான் மற்றவர் மிதிக்க வேண்டும். ஆனால் லாண்டரி அண்ணனின் கால் அந்த "ம்"முக்குக் காத்திருப்பதை விட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பரப்பு, தடவு, எடு, மிதி. தாளம் தப்பாது. அந்தத் தாளத்திலேயே நாட்டு நடப்பையும் பேசி முடித்துவிடுவார்.

பரப்புகிறவன் அவருடைய மகன். கல்லூரியில் படித்தான். கல்லூரி வாலிபால் அணியில் லிஃப்டர் அவன்தான். எதிராளி அடித்த பந்து எங்கே எகிறினாலும் ஓடிப்போய், பத்து விரலையும் விரித்து, வலைக்கு மேலே பூப்போலத் தூக்கிக் கொடுக்கிற வேலை. உயரமானவன் ஒருவன் பின்னாலிருந்து பாய்ந்து வந்து அதை அறைவான். கைதட்டல் முழுக்க அறைந்தவனுக்கு. "உனக்கு என்னடா கிடைக்குது?" என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "அவன் அடிச்ச பந்து நான் வச்ச இடத்துலதான்கா இருந்துச்சு" என்றான். தெருவே அவனை லிஃப்டர் என்றுதான் கூப்பிட்டது.

வெளியூர்ப் போட்டிக்கு அணி விமானத்தில் போவதாக ஏற்பாடாயிற்று. கல்லூரிக்கே அது முதல் தடவை. எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, பையில் கல்லூரிச் சின்னம். அந்தச் சட்டைகள் பிரஸ்ஸுக்கு வந்தன. கிளம்புவதற்கு முந்தைய நாள் அப்பாவும் மகனும் அவற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சட்டையின் பை ஓரம் மடங்கியிருந்தது. எடுத்த கையை மகன் திரும்ப வைத்து அதை நீவினான். அப்பாவின் கால் வழக்கம்போல இறங்கிவிட்டது.

அன்று கேட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. வலது உள்ளங்கை முழுக்கப் போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் தன் காலைத் தானே ஓங்கி ஓங்கிக் குத்திக்கொண்டதை இரண்டு பேர் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

லிஃப்டருக்குப் பதிலாக வால் போனான். லிஃப்டர் எங்கே போனாலும் பின்னாலேயே போவதால் அவனுக்கு அந்தப் பெயர். இரண்டாம் வருஷப் பையன், மாற்று ஆட்டக்காரன், பேக்கரி அக்காவின் மகன். பயணப் பட்டியலிலேயே இல்லாததால் அவனுக்கென்று வெள்ளைச் சட்டை கிடையாது. லிஃப்டரின் சட்டையைத் தூக்கிக்கொண்டு சாயங்காலம் என்னிடம் வந்தான்.

"அக்கா, அண்ணனோட சட்டை. கை முட்டி வரைக்கும் தொங்குது. கொஞ்சம் குறைச்சுக் குடுங்களேன்."

"ஏன்டா முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"பிளேன்ல போனதே இல்லக்கா. பயமா இருக்கு. நான் வரலன்னுதான் சொன்னேன். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே அண்ணன் விட மாட்டேங்குறாரு."

கையைக் குறைத்துத் தைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, என் கடைக் கண்ணாடியில் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான். கொஞ்சம் முன்னால் இருந்த பயமெல்லாம் மறந்துபோயிற்று.

இறங்க வேண்டிய ஊரில் மூடுபனி. விமானம் ஓடுதளத்துக்கு வந்து சேராமல் மலையில் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை. அணி, பயிற்சியாளர், விமானம் ஓட்டியவர்கள், எல்லோரும் போனார்கள். எங்கள் ஊரில் அந்த வாரம் எந்தக் கடையிலும் யாரும் பேரம் பேசவில்லை. அப்புறம் லாண்டரிக்கு வந்ததெல்லாம் அடக்கத்துக்குப் போட்டுப்போன துணிகள். மண் கறையும் கண் மையும். அண்ணி ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஊறவைத்துத் துவைத்தாள், ஒரு வீட்டுத் துணியோடு இன்னொரு வீட்டுத் துணியைக் கலக்கவில்லை.

அதற்கப்புறம்தான் ஜனங்கள் அந்த பிரஸ்ஸைப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். நல்லெண்ணத்தில்தான் வந்தார்கள், நல்லெண்ணத்துக்குத்தான் கண் தெரியாதே. "இந்த மெஷின்தான் உங்க பையனைக் காப்பாத்துச்சு" என்று ஒருவர் அதைத் தட்டிக் கொடுத்தார். ஒரு அம்மா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்க காலுக்குத் தங்கத்துலதான் செருப்பு பண்ணிப் போடணும்" என்றார் வேறொருவர். அண்ணன் அன்றைக்கே அதன்மேல் விரிப்பைப் போட்டு மூடினார். காய்ச்சல்காரனைப் போர்த்திப் படுக்கவைத்த மாதிரி அது மூலையில் கிடந்தது.

மகன் மாடி அறையை விட்டு இறங்கவில்லை. காயம் ஆறிவிட்டது, ஆனால் தீக்காயம் ஆறினால் தோல் சுருங்கும், சுருங்கினால் விரல்களை உள்ளே இழுக்கும். தினமும் நீட்டி நீட்டிப் பழக வேண்டும், இல்லையென்றால் கை அப்படியே மூடிக்கொண்டுவிடும் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார்கள். அவன் அதைத் தொடவே இல்லை.

"ஒரே ஒரு தடவை அமுக்குடா, எனக்காக" என்று அண்ணி கெஞ்சுவது சுவர் வழியே கேட்கும்.

"வேணாம்மா."

"கை போயிரும்டா."

"போகட்டும்."

அவள் படி இறங்கி வந்து குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் அழுவாள். தண்ணீர்ச் சத்தம் சுவரைத் தாண்டும்போது அழுகை தாண்டாதா என்ன?

இதற்கு நடுவில்தான் அந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்தார்கள்.

பேக்கரியின் ஏப்ரன், தலைத்துணி, மாவு மூடுகிற துணி எல்லாம் வாராவாரம் இந்த லாண்டரிக்குத்தான் வரும். வால்தான் தோளில் போட்டுக்கொண்டு வருவான். இப்போது அவனுடைய தங்கை, பள்ளிக்கூடப் பை ஒரு தோளிலும் மூட்டை இன்னொரு தோளிலுமாக வந்து நின்றாள். அண்ணி அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அப்படியே வாலின் முகம்.

"மெஷின் ரிப்பேர்மா. வேற கடையில குடுத்துக்கோங்க" என்றாள்.

பிள்ளை தலையாட்டிவிட்டு மூட்டையோடு மழையில் போயிற்று. நான் விறுவிறுவென்று எழுந்து போனேன்.

"ஏன் அண்ணி, மெஷினுக்கு என்ன கேடு? கல்லு மாதிரி இருக்கு. ரிப்பேர் உங்களுக்குத்தான்."

"அந்த வீட்டுத் துணியை என்னால தொட முடியாது. அவ கேட்டா நான் என்ன சொல்லுவேன்? உன் பிள்ளை போனான், என் பிள்ளை மாடியில இருக்கான்னு சொல்லவா?"

"அவங்க கேட்டது துணி துவைக்கத்தானே?"

"உனக்குத் தெரியாது, போ. அந்தப் பிள்ளைகிட்ட என்ன பேசுறதுன்னே தெரியல, வாய்க்கு வந்தது வந்துருச்சு."

மறுநாள் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. பேக்கரி அக்கா தெருமுனையில் திரும்புவதை நான்தான் முதலில் பார்த்தேன். கணவர் காலமான பிறகு அந்த அடுப்பைத் தனியாளாகக் கட்டி மேய்த்தவள். கையெல்லாம் அடுப்பு சுட்ட பழைய தழும்புகள். இடுப்பில் அதே மூட்டை. என் கடையைத் தாண்டும்போது, "நீயும் வா. சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்" என்றாள். ஊசியைக் குத்தி வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

மூட்டையைக் கல்லாவின் மேல் பொத்தென்று போட்டாள்.

"மெஷின் ரிப்பேராமே?"

அண்ணி எழுந்து நின்றுவிட்டாள். அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மூலையில் இருந்த பிரஸ்ஸை நோக்கிப் பேக்கரி அக்கா போய், விரிப்பை ஒரே இழுப்பில் உருவினாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்க ரிப்பேர்?"

"அக்கா, மெஷின்ல ஒண்ணும் இல்ல" என்றார் அண்ணன். "எனக்குத்தான் மிதிக்கக் காலு வர மாட்டேங்குது. பொய் சொன்னது எங்க தப்பு."

"எனக்கு மட்டும் மாவுல கை வருதா? ஊருக்கு விடிஞ்சா ரொட்டி வேணும். கடையைச் சாத்திட்டு உட்கார்ந்தா ஒரு வாரம் வந்து பாவம்னு சொல்லுவாங்க, அடுத்த வாரம் வேற கடைக்குப் போயிருவாங்க. பாவம்னு சொல்லுறவங்களை எல்லாம் பார்த்துட்டேன். என் துணியையே வேணாம்னு திருப்பி அனுப்பினது நீங்க ஒருத்தர்தான்."

அண்ணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உங்க முகத்துல எப்படிக்கா முழிக்கிறதுன்னு தெரியாமத்தான்..."

"அதனால குழந்தையை மழையில விரட்டுனீங்களா?"

"தப்புதான்க்கா."

"அவனைக் கூப்பிடு."

"யாரை?"

"மாடியில இருக்கானே, அவனை."

"அவன் யாரையும் பார்க்கறதில்லக்கா."

"நான் யாரோவா?"

இதற்குமேல் என்ன பேசுவது? அண்ணன் மாடிப்படி அடியில் போய் நின்று கூப்பிட்டார். இன்னொரு தடவையும் கூப்பிட்டார். அப்புறம் கதவுச் சத்தம் கேட்டது. இறங்கி வந்தவனைப் பார்த்து எனக்கே திக்கென்றது. ஒட்டிப்போன கன்னம், கத்தரிக்காத தலை. வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான்.

பேக்கரி அக்கா ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். எதிரே இருந்த மூட்டையைக் காட்டினாள். அவன் உட்காரவில்லை.

"நான் ஒண்ணு சொல்லணும்மா" என்றான். "சொன்னப்புறம் நீங்க என்னை என்ன வேணா சொல்லுங்க."

"சொல்லு."

"அவன் வரலன்னான். பயமா இருக்குண்ணே, வேற யாரையாவது அனுப்பச் சொல்லுங்கன்னு அழாத குறையாக் கேட்டான். நான்தான் திட்டுனேன். இந்த மாதிரி சான்ஸ் திரும்ப வராதுடா, கோழைன்னு சொன்னேன். சன்னல் சீட்டு கேட்டு வாங்கிக்கோ, மேகத்தைப் பார்த்துக்கிட்டே போனா பயம் தெரியாதுன்னு நான்தாம்மா சொன்னேன். நான் அப்படிச் சொல்லலன்னா அவன் போயிருக்க மாட்டான்."

இவ்வளவு நாளும் அந்தப் பிள்ளையின் தொண்டையில் நின்றது இதுதான். அவன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அப்போதுதான் தெரியும். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குப் பேக்கரி அக்காவைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"தெரியும்" என்றாள் அவள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பிளேன்ல ஏறி உட்கார்ந்து எனக்குப் போன் பண்ணான். அம்மா, அண்ணன் சொன்ன மாதிரியே கேட்டேன், சன்னல் பக்கம் குடுத்துட்டாங்க, றெக்கை பக்கத்துலயே தெரியுதுன்னான். பயந்து பேசினா அவனுக்குக் குரல் மூக்குல வரும். அது பெத்தவளுக்குத் தெரியும். அன்னைக்கு மூக்குல வரல. அம்மா, நான் ஆடப்போறேன், வேடிக்கை பார்க்கப் போகலன்னான். போனை வைக்கச் சொல்லிட்டாங்க, வைக்குறேன்னான். அவ்வளவுதான்."

துவைக்கச் சுடுதண்ணீர் வைக்கிற கொதிகலனில் தண்ணீர் சலசலத்துக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

"உன் மேல கோபமே இல்லன்னு சொன்னா அது பொய்" என்றாள் மறுபடியும். "உன்னைப் பார்த்தா பத்திக்கிட்டு வரும்னு பயந்துதான் இத்தனை நாளா இந்தப் பக்கம் வரல. இவங்க மூட்டையைத் திருப்பி அனுப்பிட்டாங்களா, அந்தக் கோபத்துல கிளம்பி வந்துட்டேன். வந்து பார்த்தா நீ இந்தக் கோலத்துல நிக்குற. இதுல யாரைத் திட்ட? கையைக் காட்டு."

அவன் காட்டவில்லை. அவளே எட்டி, முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் கையை இழுத்து, அவனை எதிர் மூட்டையில் உட்காரவைத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் குருவிக்கால் மாதிரி மடங்கியிருந்தன. உள்ளங்கை முழுக்க இளஞ்சிவப்பாக, இழுத்துத் தைத்த துணி போலச் சுருங்கிய தோல். தையல்காரி நான் சொல்கிறேன், அப்படி ஒரு சுருக்கத்தைப் பார்த்தால் உடனே பிரித்துத் தைக்க வேண்டும் என்றுதான் கை பரபரக்கும்.

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?"

"தினமும் நீட்டிப் பழகணும்னாங்க" என்றாள் அண்ணி. "பந்து குடுத்தாங்க. தொட மாட்டேங்குறான்."

"ஏன்டா?"

"இது சரியாக வேணாம்மா."

"சரியானா என்ன ஆகும்?"

"திரும்ப ஆடச் சொல்லுவாங்க. எனக்கும் ஆசை வந்துரும்." குரல் உடைந்தது. "அவன் ஆடவே இல்லையேம்மா."

"நீ இதை மடக்கி வச்சிருந்தா அவன் வந்து ஆடுவானா?"

அவன் சின்னப் பிள்ளை மாதிரி, தோள் குலுங்கக் குலுங்க அழுதான். பேக்கரி அக்கா கையை விடவில்லை. அவள் கண்ணும் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினாள்.

"விடியக்காலையில மாவு பிசைய அவன்தான் கூட நிப்பான். இப்ப நான் ஒருத்தியே கிடந்து அல்லாடுறேன். ஆள் வச்சுப் பார்த்தேன், ரெண்டு நாள் வந்தான், மூணாம் நாள் மாவை விட்டுட்டுத் தூங்கிட்டான். நாளைக்கு நீ வா."

"ஒரு கையை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்ணுவேன்?"

"அது என் கவலை."

அவன் மூடிய கையைப் பார்த்தான். அப்புறம் கேட்டான்: "எத்தனை மணிக்கு?"

"அடுப்பு மூட்டுற நேரத்துக்கு. லேட்டா வந்தா திட்டுவேன். அவனையே திட்டியிருக்கேன், உன்னை விடுவேனா?" எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். "இப்ப என் துணியைப் போட்டுக் குடுங்க. போன வாரத்து ஏப்ரன், துவைச்சுதான் கொண்டுவந்திருக்கேன். நல்லா மொடமொடன்னு வேணும். இந்தப் பெட்டியில இல்ல, அதுல."

பிரஸ்ஸைக் காட்டினாள். அண்ணன் அசையாமல் நின்றார். அண்ணிதான் போய் ஆவி வால்வைத் திறந்தாள். மகன் ஒரு ஏப்ரனை எடுத்து, இடது கையாலேயே கீழ்த்தாடையில் பரப்பினான். நாடாக்களை ஓரமாக இழுத்துவிட்டான். நீவினான். கையை எடுத்தான்.

கால் இறங்கவில்லை.

"ம்" என்றான் மகன்.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்பா."

"நல்லா எடுத்துட்டியா?"

"ரெண்டு கையும் இங்க இருக்குப்பா, பாருங்க."

மிதித்தார். உஸ்ஸென்று ஆவி எழும்பிக் கடை முழுக்கப் பரவியது. சூடான துணியின் வாசனை சுவரைத் தாண்டி என் கடைக்கும் வந்திருக்கும். அன்றிலிருந்து அந்த மனுஷன் "ம்" கேட்காமல் மிதிப்பதில்லை. ஒரு "ம்"முக்கு இரண்டு கேள்வி கேட்கிறார். வேலை ஆமை வேகத்தில் நடக்கிறது. அண்ணி திட்டுகிறாள், ஆனால் திட்டும்போது அவள் முகத்தைப் பார்த்தால் திட்டுகிற மாதிரி இருக்காது.

பேக்கரியில் நடந்ததை நான் நேரில் பார்த்தது கொஞ்சம், வாலின் தங்கை வந்து சொன்னது மிச்சம். முதல் நாட்களில் அவன் மணிக்கட்டாலும் முழங்கையாலும்தான் மாவை அழுத்தினான். ரொட்டி ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் அமுங்கி வந்தது. வாங்கிய ஜனங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொன்னேன். "என்னடா, ரொட்டிக்குப் பல்வலியா?" என்று கேட்டேன். அந்த மழைக்காலத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மாவு பந்து மாதிரி இல்லை. பந்து எதிர்த்து நிற்கும், மாவு விட்டுக்கொடுக்கும். வெதுவெதுப்பான மாவுக்குள் பேக்கரி அக்கா அவன் வலது கையை அமுக்கி, மேலே தன் கையை வைத்து, "இப்ப விரலைத் தள்ளு" என்பாளாம். தோல் இழுபடும்போது அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். "வலிக்குதாடா?" என்று கேட்பாளாம். "வலிக்குதும்மா." "சரி, இன்னொரு தடவை." நடுவில் ஒரு நாள் அவனுக்குத் தாளமுடியாமல் கையை உருவிக்கொண்டு வெளியே போய்விட்டான். அவள் பின்னால் போகவில்லை. முந்தின தட்டு ரொட்டி வெந்து இறக்குவதற்குள் அவனே திரும்பி வந்து நின்றான். அவள் மாவை அவன் பக்கம் நகர்த்தினாள். சில நாள் அவள்தான் வாலின் பேச்சை எடுத்து அழுவாள், அன்று அவன் முழு மாவையும் பிசைவான். ஆஸ்பத்திரியில் அடுத்த முறை பார்த்தபோது, என்ன பயிற்சி செய்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். ரொட்டி சுடுகிறேன் என்றானாம்.

மழை போய் வெயில் வந்தது. லாண்டரி மொட்டை மாடியில் கொடிகள் நிறைந்தன, மூட்டைகள் இறங்கி அண்ணியின் கழுத்தும் தோளும் மறுபடியும் கண்ணில் பட்டன. கல்லூரியில் இந்த வருஷம் அணி வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் தாங்களாகவே வலையைக் கட்டி ஆட ஆரம்பித்தார்கள். ஒருவன் பந்தைப் போட்டால் வலை தாண்டாது. இன்னொருவன் எகிறினால் வலையிலேயே போய் விழுவான். லிஃப்டர் முதலில் மதில் ஓரம் நின்று பார்த்தான். அப்புறம் உள்ளே போய்ச் சொல்லிக்கொடுத்தான். அப்புறம் ஒரு நாள், என் கடைக்கு எண் தைக்க வந்த சட்டைகளில் அவனுடைய பழைய எண்ணும் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு வாய் நீளம்தான், அதற்காக எல்லா இடத்திலும் நீட்ட மாட்டேன்.

முதல் ஆட்டம் கல்லூரி மைதானத்தில், பக்கத்து ஊர்க் கல்லூரியோடு. கூட்டம் நன்றாக இருந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள், சிலரால் வர முடியவில்லை. அண்ணன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆட்டம் தொடங்கிய பிறகு பேக்கரி அக்கா வேகவேகமாக வந்து என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முழங்கையில் மாவு காய்ந்திருந்தது.

"ஆரம்பிச்சு ரொம்ப நேரம் ஆச்சா? ரெண்டாவது அடுப்பு இறக்கிட்டு ஓடியாறேன்."

"இப்பத்தான்கா."

"என் பையன் எத்தனையோ தடவை கூப்பிட்டான். ஒரு ஆட்டம்கூட நான் வந்து பார்த்ததில்ல. எப்பவும் இந்த நேரத்துல ரொட்டி உள்ள இருக்கும்." கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்தாள். "அவன் எதைச் செய்வான்? எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரிஞ்சதில்ல. அடிக்கிறதும் நான் இல்ல, முதல்ல எடுக்குறதும் நான் இல்லன்னான்."

"இப்ப லிஃப்டர் செய்யுறதைத்தான்கா. பந்து தரையில விழாம ஒருத்தன் தட்டிக் குடுப்பான், அதை இவன் தூக்கிக் குடுப்பான், அந்தா நிக்குற புதுப் பையன், உயரமானவன், வந்து அடிப்பான். கைதட்டுறது அவனுக்கு."

"அப்ப இவனை யாரு பார்க்குறது?"

"யாரும் பார்க்க மாட்டாங்கக்கா. பந்து எங்க போகுதோ அங்கதான் எல்லாருக்கும் கண்ணு."

ஜெயித்தார்களா என்று கேட்காதீர்கள். வந்தவர்கள் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். ஆட்டம் முழுக்கத் தோற்றதுதான். ஆனால் நடுவில் ஒரு பந்து வந்தது. எதிராளி அடித்ததை மூலையில் நின்ற சின்னப் பையன் எப்படியோ விழுந்து தட்டிவிட்டான். பந்து கோணலாக எகிறிக் கோட்டுக்கு வெளியே போயிற்று. லிஃப்டர் ஓடினான். பந்துக்கு அடியில் போய் நின்று, இரண்டு கையையும் நெற்றிக்கு மேலே உயர்த்தித் தூக்கினான். பந்து மெதுவாக எழும்பி வலைக்கு மேலே வந்து, யாருக்கோ காத்திருப்பது மாதிரி நின்றது. உயரமானவன் பாய்ந்து வந்து அறைந்தான். அந்தப் பக்கத்துத் தரையில் விழுந்த சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

எல்லோரும் எழுந்து கத்தினார்கள். அண்ணன் முன்னால் இருந்தவர் முதுகில் அறைந்துவிட்டார். அண்ணி அழுதாள். நானும்தான் கத்தினேன்.

பேக்கரி அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. பந்து போன பக்கம் அவள் திரும்பவே இல்லை. தூக்கிக் கொடுத்த இடத்திலேயே, உயர்த்திய கைகளை இறக்க மறந்து நின்றவனைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் அந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து தெரிந்தன.

"சுண்டு விரல் இன்னும் மடங்கித்தான் இருக்கு" என்றாள். "நாளைக்கு மாவைக் கொஞ்சம் கெட்டியாப் போடணும்."